பெரும்பான்மை சொல்வதெல்லாம் ஜனநாயகமா?



"கூடுதல் வாக்கு எடுத்தவர் சொல்வதுதான் சட்டம், அதுதான் ஜனநாயகம்" என்று நம்மில் படித்தவர்களே சொல்கிறார்கள். உதாரணத்துக்கு அமெரிக்காவையும் இழுக்கிறார்கள். பிழை. அந்த நாட்டின் அரசியல் யாப்பைப் புரட்டியும் பார்க்காத பேச்சு இது.

1787இல் எழுதிய யாப்பு அதிகாரத்தை மூன்றாகப் பிரித்தது. சட்டம் ஆக்குவது காங்கிரஸ், நிறைவேற்றுவது ஜனாதிபதி, தீர்ப்பளிப்பது நீதிமன்றம். நாம் வகுப்பில் படிப்பிக்கும் வலுவேறாக்கம் இதுதான். 1791இல் உரிமைகள் சாசனம் சேர்ந்தது. பேச்சுச் சுதந்திரத்தையும் மதச் சுதந்திரத்தையும் பறித்துச் சட்டம் போடக் காங்கிரசுக்கே அதிகாரமில்லை என்றது.

மேற்கு வேர்ஜீனியாவில் யெகோவாவின் சாட்சிகள் என்ற சிறிய மதப் பிரிவினரின் பிள்ளைகள் தேசியக் கொடிக்கு மரியாதை செலுத்த மறுத்தார்கள். பாடசாலை அவர்களை நீக்கியது. 1943, உலக யுத்தம் நடக்கும் நேரம். உயர் நீதிமன்றம் 6க்கு 3 எனப் பிள்ளைகளின் பக்கம் நின்றது. அடிப்படை உரிமையை வாக்கெடுப்புக்கு விட முடியாது என்றது.

"அங்கே எல்லாம் சரியா?" என்று கேட்பீர்கள். இல்லை. அடுத்த வருடமே, ஜப்பானிய வம்சாவளியினரை வாழ்ந்த இடத்திலிருந்து வெளியேற்றியதை அதே நீதிமன்றம் 6க்கு 3 எனச் சரிகண்டது. யாப்பு தானாக யாரையும் காப்பாற்றாது.

ஆகவே வரைவிலக்கணத்தை மட்டும் பாடமாக்கிக் கொடுக்காதீர்கள். நாட்டில் நாம் சிறுபான்மை. ஆனால் நம் ஊரில், நம் பாடசாலையில் நாமே பெரும்பான்மை. அங்கே நம்மோடு உடன்படாத ஒருவரின் உரிமையை நாம் காக்கிறோமா? முதலில் அதற்குப் பதில் சொல்வோம்.