மெய்ம்மறம்

மறம் என்னும் சொல்லைக் கேட்ட அளவில் வாளும் வேலும் நம் நினைவிற்கு வருகின்றன. பகைவரை வென்றவனே மறவன் என்பது பலரின் எண்ணம். அவ்வெண்ணம் குறையுடையது என்பதே என் கருத்து.

புதுச்சத்திரத்திற்குக் கிழக்கே உள்ள கொல்லிமலையைச் சங்க காலத்தில் ஆண்டவன் வல்வில் ஓரி. அவன் எய்த ஓர் அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகிய ஐந்தையும் ஊடுருவியது எனப் புறநானூற்றில் வன்பரணர் பாடினார். காட்டிடைக் கண்ட அவ்வேட்டுவன் ஓரிதானோ, பிறனோ எனப் பாணர் ஐயுற்றனர். அவன் புகழைப் பாடினர். தன் பெயர் கேட்டு அவன் நாணினான். ஊனும் மதுவும் அளித்ததோடு, தன் மலையிற் பிறந்த பொன்னும் மணியும் வழங்கினான். வில்லினும் பெரிது அந்நாணம் அன்றோ?

அத்தகையோனைப் போரிற் கொன்றவன் முள்ளூர் மன்னன் காரி. அவன் கொல்லியைச் சேரனுக்கு அளித்தான். இருவரும் கடையெழு வள்ளல்களுள் வைத்து எண்ணப்படுபவர். கொடையால் உடன்பிறந்தார் போன்றவர். எனினும் ஒருவர் கையால் ஒருவர் மாண்டார். இன்று கொல்லிமலைச் செம்மேட்டில் சிலையாய் நிற்பவன் தோற்ற ஓரியே. காரியையும் நாம் போற்றுவது அவன் ஈந்த தேர்களுக்காகவே. வெற்றியே மறத்தின் அளவாயின், இஃது எங்ஙனம் கூடும்?

மேலைநாட்டாரும் இவ்வுண்மையை உணர்ந்திருந்தனர். 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செருமானியப் புலவர் வோல்பிராம், 'பார்சிவால்' என்னும் காப்பியத்தை இயற்றினார். கணவனைப் போரில் இழந்த தாய், தன் மகன் பார்சிவாலைப் படைத்தொழில் அறியாவண்ணம் காட்டில் வளர்த்தாள். தன் பெயரும் அறியாது புறப்பட்ட அவன், பிறனொருவனின் கவசத்தை விரும்பி அவனைக் கொன்றான். மாண்டவன் தன் உறவினன் எனப் பின்னரே அறிந்தான். நோயால் வருந்திய அரசன் ஒருவனிடம், "உமக்கு உற்ற துயர் யாது?" என வினவாது வாளா இருந்தான். அவ்வரசன் அவன் தாயுடன் பிறந்த மாமன்! பல்லாண்டு அலைந்து மீண்டு அவ்வினாவை வினவியபோதே மாமனின் நோய் நீங்கிற்று. வாள் தாராத பெருமையை ஓர் அன்புமொழி தந்தது.

அங்ஙனமாயின், குடிப்பிறப்பினால் பயனில்லையோ எனின், உண்டு. மலையமான் குடிச் சிறுவரை யானைக் காலில் இடுவிக்கச் சோழன் கிள்ளிவளவன் முற்பட்டான். அப்போது கோவூர்கிழார் அவனைத் தடுத்தார். புறாவின் துயர் தீர்த்தவன் வழித்தோன்றல் நீ என்றார். இச்சிறுவரோ புலவர்க்குப் பகுத்துண்ட குடியினர் என்றார். சிறுவர் உய்ந்தனர். குலத்தை அவர் செருக்கிற்காகக் கூறவில்லை, இரக்கத்திற்காகவே கூறினார்.

இந்நாளிலும் பண்டை வள்ளல்களின் வழிவந்தோம் எனக் கூறிப் பிறரை இகழ்வோர் உளர். மாணவர்களே! முன்னோர் புகழ் நமக்குச் சொத்தன்று, கடன். அக்கடனைத் தீர்க்க வில் வேண்டுவதில்லை. அருகில் ஒருவர் வருந்துங்கால், அவர் எக்குடியினர் எனக் கேளாது, உற்ற துயர் யாது எனக் கேட்பவனே மெய்ம்மறவன்.