எடைக்கருவியின் முள்

குறிஞ்சிப்பாடியில் துணிக்கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர், மூன்று மாதங்களாக விடியற்காலையில் வடலூர் வரை மிதிவண்டியில் சென்று திரும்புகிறார். இரவில் சோற்றை நிறுத்திக் கேழ்வரகு அடைக்கு மாறினார். காப்பியில் சர்க்கரையையும் விட்டார். எடைக்கருவியின் முள்ளோ இரண்டு கிலோகூட இறங்கவில்லை. "இந்தப் பாடு எதற்கு?" என்று சலித்துக்கொண்டார்.

விட்டுவிட வேண்டாம் என்றோம். சென்னை மருத்துவர் அ. இராமச்சந்திரனும் குழுவினரும் 2006-இல் வெளியிட்ட ஆய்வு, நீரிழிவின் வாயிலில் நின்ற 531 பேரைப் பற்றியது. வழக்கமான அறிவுரையோடு விடப்பட்ட பிரிவினருள் மூன்றாண்டுகளில் நூற்றுக்கு 55 பேரை நோய் பற்றியது. சர்க்கரையையும் கொழுப்பையும் குறைத்து, நாள்தோறும் அரைமணி நடந்த பிரிவினருள் 39 பேரையே பற்றிற்று. முன்பே மிதிவண்டி ஓட்டி வந்தோர் அதனையே தொடருமாறு கூறப்பட்டனர். வியப்பு யாதெனில், அவர்களது எடை குறிப்பிடும்படி குறையவே இல்லை! உழைக்கும் தசை இரத்தத்திலுள்ள சர்க்கரையை ஈர்த்துக்கொள்கிறது. அதனை முள் எவ்வாறு காட்டும்?

நண்பர் முகம் தெளிந்தார். "வடலூரில் இளைப்பாறும்போது என்ன சாப்பிடுகிறீர்கள்?" என்று மெல்லக் கேட்டோம். சற்றுத் தயங்கி, "தேநீரும் இரண்டு மெதுவடையும்" என்றார்.