ஒரே லைசென்ஸ்தானே, அழிச்சிடலாமா?



ஃபைனல் இயர் புராஜெக்ட் என்றால் நம்மில் பலருக்கும் ஒரே கதைதான். அங்கே ஒரு லைப்ரரி, இங்கே ஒரு லைப்ரரி என்று இறக்கி, ஒட்டவைத்து, ஓடவைத்துவிட்டு "அப்பாடா" என்று உட்காருவோம். எங்கள் குழுவும் அப்படித்தான். கடைசி நாள் ஃபோல்டரைத் திறந்தால் 'லைசென்ஸ்' என்ற பெயரில் பதினான்கு ஃபைல்கள்! "எல்லாம் ஒண்ணுதான்டா, ஒண்ணை வச்சுக்கிட்டு மீதியைத் தூக்கு" என்றான் நண்பன். தூக்கிய புண்ணியவான் நானேதான்.

டெமோ அன்று சார் கேட்டது ஒரே கேள்வி: "இதையெல்லாம் எழுதினவங்க பேரு எங்கேப்பா?" பதில் இல்லை. தலைகுனிந்து நின்றோம்.

ஃபைலின் பெயர் ஒன்று என்பதால் உள்ளே இருப்பதும் ஒன்றாகிவிடாது. 1991-ல் வந்த ஜி.பி.எல். இரண்டாம் பதிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். யார் பயன்படுத்தினாலும் விதிகள் ஒன்றே. அளவு சுமார் 18 கிலோபைட். ஆயிரம் பேக்கேஜில் ஆயிரம் தடவை வைத்தால் 18 மெகாபைட் வீண்தானே? அதனால்தான் டெபியன் லினக்ஸில் 'காமன் லைசென்ஸஸ்' என்ற பொது இடத்தில் ஒரே பிரதி இருக்கிறது. ஒவ்வொரு பேக்கேஜும் தன் 'காப்பிரைட்' ஃபைலில் உரிமையாளர் பெயரை எழுதிவிட்டு, "முழு வாசகம் அங்கே" என்று கைகாட்டும். வாசகம் பொது, பெயர் தனித்தனி.

எம்.ஐ.டி. லைசென்ஸ் சங்கதி வேறு. சின்னதுதான். ஆனால் தலையிலேயே ஆண்டும் உரிமையாளர் பெயரும் நிற்கும். கீழே உள்ள வரிகள் அச்சு அசலாக ஒன்றுபோலத் தெரியும், ஏமாந்துவிடக் கூடாது. அந்தப் பெயர் வரியும் அனுமதி வாசகமும் நகல்களில் இருக்க வேண்டும் என்பதுதான் அது போடும் ஒரே நிபந்தனை. காசு கேட்கவில்லை, கைமாறு கேட்கவில்லை. அதையும் அழித்தால் அது நியாயமா?

வழி சுலபம். 'டிஃப்' கட்டளையில் இரண்டு ஃபைலையும் ஒப்பிடுங்கள். எழுத்துக்கு எழுத்து ஒன்றா? ஒன்றை வைத்துக்கொண்டு, எந்தெந்த லைப்ரரிக்கு அது பொருந்தும் என்று குறிப்பு எழுதுங்கள். ஒரு வரி மாறுகிறதா? படித்துப் பார்க்காமல் கைவைக்காதீர்கள்.

ராத்திரி பகலாக உட்கார்ந்து எழுதிய நம் ரெக்கார்டு நோட்டின் அட்டையை ஒருவன் கிழித்துவிட்டு சப்மிட் பண்ணினால் சும்மா விடுவோமா? முகம் தெரியாத அந்த மனிதர்களும் நம்மைப்போல் கண்விழித்தவர்கள்தான்.

இடத்தை மிச்சம் பிடிப்போம், தோழர்களே! பெயரை அழித்து அல்ல.