காக்கை உட்கார்ந்தது, உலாவி உறைந்தது

நேற்று இரவு உங்கள் மடிக்கணினி ஒரு பாதுகாப்புப் புதுப்பிப்பை ஏற்றிக்கொண்டது. இன்று மாலை இணைய உலாவியைத் திறந்தால் அப்படியே உறைந்து நிற்கிறது. எங்கே சொடுக்கினாலும் அசைவில்லை. நாளை ஆசிரியரிடம் ஒப்படைக்க வேண்டிய வேலையோ பாதியில் கிடக்கிறது. வீட்டில் யாராவது ஒருவர் உடனே தீர்ப்புச் சொல்லிவிடுவார்: "எல்லாம் அந்த அப்டேட்டால் வந்த வினை. இனிமேல் தானாக அப்டேட் ஆகாதபடி நிறுத்தி வை!"

அந்தப் பேச்சை மட்டும் கேட்காதீர்கள். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாக அது இருக்கக்கூடும்.

ஓர் உண்மைச் சம்பவத்தைப் பாருங்கள். 2022 ஜனவரி 11ஆம் தேதி பயர்ஃபாக்ஸ் உலாவியின் 96ஆம் பதிப்பு, வழக்கம்போல் பாதுகாப்புத் திருத்தங்களோடு வெளிவந்தது. ஜனவரி 13ஆம் தேதி, நம் நேரப்படி மாலை 4 மணி வாக்கில், உலகமெங்கும் பயர்ஃபாக்ஸ் உறைந்தது. இரண்டு நாளுக்கு முன் வந்த பதிப்பின்மேல் சந்தேகம் விழாமல் இருக்குமா? ஆனால், அதைத் தயாரிக்கும் மொசில்லாவின் பொறியாளர்கள் தேடியபோது, தாங்கள் அனுப்பிய எந்தப் புதுப்பிப்பும் இதற்குக் காரணமில்லை என்று தெரிந்தது.

நடந்தது இதுதான். உலாவி தன் செயல்பாடு பற்றிய சிறு தகவல்களை மொசில்லாவின் சேவையகத்துக்கு அனுப்பும். அந்தச் சேவையகம் இயங்கிய கூகல் கிளவுட் அமைப்பில் ஒரு மாற்றம் நிகழ்ந்து, எச்.டி.டி.பி.3 என்ற புதிய தொடர்பு முறை அங்கே தானாகவே செயல்பாட்டுக்கு வந்தது. அனுப்பும் தகவலின் நீளத்தைச் சொல்ல ஒரு தலைப்புச் சொல் உண்டு. உலாவியின் ஒரு பகுதி அதை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் எழுதியது. இன்னொரு பகுதியோ, பெரிய எழுத்தில் தொடங்கும் சொல்லையே தேடியது. தேடியது கிடைக்காததால் நிரல் முடிவில்லாத சுழற்சியில் சிக்கியது. உலாவியின் இணையப் போக்குவரத்து முழுவதும் அந்த ஒரே வழியாகச் சென்றதால், எந்தப் பக்கமும் திறக்கவில்லை. சேவையகத்தில் அமைப்பை மாற்றியதும் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் சிக்கல் தீர்ந்தது. உலாவியில் ஒளிந்திருந்த பிழைக்கான திருத்தம் மறுநாள் 96.0.1 பதிப்பில் வந்தது.

ஆக, மருந்தே ஒரு புதுப்பிப்பாகத்தான் வந்தது. கோபத்தில் தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்தியவருக்கு அது எப்படிக் கிடைக்கும்?

சரி, உங்கள் உலாவிக்கு வருவோம். தொடக்கப்பள்ளி அறிவியலில் படித்த மாறிகள் நினைவிருக்கிறதா? ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். மற்றவை கட்டுப்படுத்தப்பட்ட மாறிகளாக இருக்க வேண்டும். உலாவியை நீக்கி, மீண்டும் நிறுவி, வைரஸ் தடுப்பையும் அணைத்து, கணினியையும் மறுதொடக்கம் செய்தால், எது சரிசெய்தது என்று கடைசிவரை தெரியாது. முதலில் தனிப்பட்ட சாளரத்தைத் திறந்து அதே பக்கத்துக்குப் போங்கள். அங்கே நீட்சிகள் பெரும்பாலும் இயங்காது. பக்கம் ஒழுங்காகத் திறந்தால், ஏதோ ஒரு நீட்சியோ சேமித்து வைத்த பழைய தரவோ குற்றவாளியாக இருக்கலாம். 16 நீட்சிகள் வைத்திருப்பவர் (அத்தனை எதற்கு என்பது வேறு கேள்வி) பாதியை அணைத்துப் பார்க்கட்டும். பிறகு சிக்கல் உள்ள பாதியில் பாதி. இப்படியே போனால் நான்கே சோதனையில் ஆளைப் பிடித்துவிடலாம். தனிப்பட்ட சாளரமும் உறைந்தால், அமைப்புகளில் வன்பொருள் முடுக்கத்தை அணைத்துப் பாருங்கள். அப்போது சரியானால் வரைகலை இயக்கி பக்கம் சந்தேகம் திரும்பும். வேறு உலாவியும் உறைகிறதென்றால், இந்த உலாவியைக் குறை சொல்லிப் பயனில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். புதுப்பித்த பிறகு உலாவி மறுதொடக்கம் ஆகும். வாரக்கணக்கில் திறந்தே கிடந்த நாற்பது பக்கங்கள் ஒரேயடியாக மீண்டும் ஏறப் பார்த்தால், பழைய மடிக்கணினி திணறத்தான் செய்யும்.

புதுப்பிப்பு ஒருபோதும் தவறு செய்யாது என்று நான் சொல்லவில்லை. 2024 ஜூலை 19ஆம் தேதி கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனம் அனுப்பிய பழுதான புதுப்பிப்பால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. சாங்கி விமான நிலையத்தில்கூடச் சில விமான நிறுவனங்கள் பயணிகளைக் கைமுறையாகப் பதிவு செய்ய நேர்ந்தது. ஆனால், அந்தச் சேதம் கண்ணுக்குத் தெரிந்தது, உடனே திருத்தப்பட்டது. புதுப்பிக்காமல் இருப்பதால் வரும் சேதம் சொல்லிக்கொண்டு வராது. 2017 மார்ச் 14ஆம் தேதி மைக்ரோசாஃப்ட் விண்டோஸுக்கு ஒரு திருத்தம் வெளியிட்டது. அதே ஓட்டை வழியாக மே 12ஆம் தேதி வானாகிரை தாக்கியது. பிரிட்டனில் மருத்துவமனைகளே நோயாளிகளைத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. இடையில் ஏறக்குறைய இரண்டு மாத அவகாசம் இருந்தது. அதோடு, ஒரு திருத்தம் வெளியானதும் பழைய பதிப்பையும் புதியதையும் ஒப்பிட்டு ஓட்டை எங்கே இருந்தது என்று கண்டுபிடிப்பவர்களும் உண்டு. அதனால் பழைய பதிப்பிலேயே தங்கியிருப்பவருக்கு ஆபத்து நாளுக்கு நாள் கூடுகிறது.

எல்லாச் சோதனையும் முடிந்து, புதுப்பிப்பே காரணம் என்று உறுதியானால், உலாவியின் உதவிப் பகுதியில் பிழையைத் தெரிவிக்கும் வசதி இருக்கும். பதிப்பு எண், எந்தப் பக்கம், எதை மாற்றியபோது என்ன ஆனது ஆகியவற்றை எழுதி அனுப்புங்கள். அடுத்த திருத்தம் வரும்வரை, முழுமையாகப் புதுப்பிக்கப்பட்ட வேறோர் உலாவியில் வேலையை முடித்துக்கொள்ளுங்கள்.