டிரெய்லரில் ஆள் ஏற்றலாமா?

உழவருக்கு டிராக்டர் நல்ல துணை. காலையில் உழுகிறது. மாலையில் நெல் மூட்டை இழுக்கிறது. கரும்பை ஆலைக்குக் கொண்டு போகிறது. ஆனால் திருவிழா வந்துவிட்டால், அதே டிரெய்லரில் பாயை விரித்துப் பெண்களையும் குழந்தைகளையும் ஏற்றுகிறார்கள். ஆபத்து இங்கேதான் தொடங்குகிறது.

2022-ம் ஆண்டு அக்டோபர் 1-ந் தேதி, உத்தரப்பிரதேசத்தில் கான்பூர் அருகே ஒரு டிரெய்லர் குளத்தில் கவிழ்ந்தது. அதில் வந்தவர்கள் கோவிலுக்குப் போய்த் திரும்பியவர்கள். 25 பேருக்கு மேல் மாண்டனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும்தான்.

ஏன் கவிழ்கிறது?

இறக்கத்தில் மாட்டு வண்டியின் பாரம் முன்னே தள்ளும். மாடு காலை ஊன்றித் தாங்கும். டிராக்டருக்கு அந்த அறிவு கிடையாது. பல டிரெய்லர்களுக்குத் தனி பிரேக் இல்லை. ஆகவே, டிராக்டர் நின்றாலும் பின்னால் வரும் பாரம் நிற்காது. அது டிராக்டரைத் தள்ளும். வளைவில் தள்ளினால் இரண்டும் மடங்கிக் கவிழும்.

வேகமும் ஒரு காரணம். 10 கிலோமீட்டர் வேகம் 20 ஆனால், பிரேக் பிடித்தபின் வண்டி ஓடி நிற்கும் தூரம் இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு ஆகும்!

செய்ய வேண்டியது என்ன?

டிராக்டருக்கு இரண்டு பிரேக் மிதிகள் உண்டு. வயலில் திரும்புவதற்குத் தனித்தனியே மிதிக்கலாம். சாலைக்கு வந்தால் இரண்டையும் கட்டாயம் இணைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒரு பக்கச் சக்கரம் மட்டும் நின்று, வண்டி ஒரு புறமாக இழுத்துக்கொண்டு போகும்.

பாரத்தைத் தாழ்ந்த கொண்டியில்தான் மாட்ட வேண்டும். உயரத்தில் மாட்டி இழுத்தால் முன் சக்கரம் தூக்கும். டிராக்டர் மல்லாந்து ஓட்டுகிறவர் மேலேயே விழும். கொண்டிக்குச் சரியான பின் போட்டு, அது கழலாதபடி பூட்ட வேண்டும். கிடைத்த கம்பியைச் செருகக் கூடாது.

மாட்டு வண்டிக்கு முன்பாரம், பின்பாரம் பார்ப்பதுபோல, டிரெய்லருக்கும் பார்க்க வேண்டும். இறக்கம் வருமுன்பே சிறிய கியருக்கு மாற வேண்டும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவது உயிரோடு விளையாடுவது.

டிரெய்லரின் பின்புறம் சிவப்பு ஒளிப்பட்டை இருக்கட்டும். இருட்டில் விளக்கின்றி நிற்கும் டிரெய்லர் பின்னால் வருகிறவருக்கு எமன்.

பி.டி.ஓ. என்னும் சுழல் தண்டு நிமிடத்துக்கு 540 முறை சுற்றும். அதாவது நொடிக்கு 9 சுற்று! துண்டோ சேலையோ சிக்கினால், "ஐயோ" என்று கத்தவும் நேரம் இருக்காது. மூடி இல்லாமல் அதை ஓட்டவே கூடாது. தூக்கிய கலப்பையை, டிராக்டரை நிறுத்தியதும் தரையில் இறக்கிவிட வேண்டும்.

யார் பொறுப்பு?

மட்கார்டில் குழந்தையை உட்கார வைப்பது பாசம் அல்ல. ஒரு குலுக்கலில் குழந்தை பெரிய சக்கரத்தின் கீழ் போய்விடும். டிரெய்லரில் ஆள் ஏற்றிச் செல்வது சட்டத்துக்கும் விரோதம். விபத்து நடந்தால் இன்சூரன்சு பணம் கிடைப்பதும் சிக்கலாகும்.

நடவுக்குப் போகும் பெண்களுக்கு அந்த நேரத்தில் பஸ் இல்லை என்றால், அதைக் கேட்டு வாங்குவது ஊராட்சியின் கடமை. கொடுப்பது அரசின் கடமை. திருவிழாவுக்குப் பந்தல் போட வசூல் செய்கிற ஊர், ஒரு வேனுக்கும் சேர்த்து வசூல் செய்யலாமே!

டிரெய்லர் மூட்டைக்கு உரியது. மூட்டை விழுந்தால் மறுபடி ஏற்றலாம். மனிதர் விழுந்தால்?