தொழிற்பழகுநர் சேர்க்கையில் எல்லை மண்டல இளைஞர்களின் தடைகளை நீக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
எல்லை மண்டலத் தமிழ் பேசும் பெற்றோர், மாணவர் சார்பில் சங்க நிர்வாகிகள்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர்கள், சித்தூர் மற்றும் திருப்பதி.

பொருள்: தொழிற்பழகுநர் (அப்ரண்டிஸ்) விண்ணப்பம், நேர்காணல், ஒப்பந்தம் – நடவடிக்கை கோருதல்.

பார்வை: 1. தொழிற்பழகுநர் சட்டம், 1961. 2. தொழிற்பழகுநர் விதிகள், 2019 திருத்தம். 3. அரசமைப்புச் சட்டம், உறுப்பு 350.



1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்தில் சேர்ந்தது. எல்லைக்கு இப்புறம் ஆந்திரத்தில் குப்பம், நகரி, சத்தியவேடு வட்டாரங்களில் தமிழ்க் குடும்பங்கள் இன்றும் வாழ்கின்றன. பிள்ளைகள் தெலுங்கு கற்பதில் எங்களுக்குக் குறையேதும் இல்லை. வேலை பழகப் போகும் இடத்தில்தான் குறை.

ஸ்ரீசிட்டி ஆலைகள் சத்தியவேடு, வரதய்யபாளையம் மண்டலங்களிலேயே இயங்குகின்றன. 30 பேருக்குக் குறையாமல் பணிபுரியும் நிறுவனம் 2.5 முதல் 15 சதவீதம் வரை பழகுநர்களைச் சேர்த்தாக வேண்டும். பத்தாம் வகுப்பு முடித்தவருக்கு மாதம் ரூ.6,000, ஐடிஐ முடித்தவருக்கு ரூ.7,000 எனக் குறைந்தபட்ச உதவித்தொகையை 2019 திருத்தம் நிர்ணயித்தது. ஆலையும் உண்டு, சட்டமும் உண்டு. ஆயினும் எங்கள் பிள்ளைகள் மூன்று இடங்களில் தடுக்கி நிற்கிறார்கள்.

விண்ணப்பம்: ஆந்திர வழக்கில் வீட்டுப்பெயர் முன்னால் வரும். எங்களுக்கோ தகப்பனார் பெயரின் முதலெழுத்து மட்டுமே. பள்ளியில் சேர்க்கும்போது ஊர்ப்பெயரோ தாத்தா பெயரோ வீட்டுப்பெயராக ஏறிவிடுகிறது. ஆதாரில் முதலெழுத்தே நிற்கிறது. இணையதளச் சரிபார்ப்பில் இரண்டும் பொருந்துவதில்லை. திருத்தம் கேட்டு மீசேவா மையத்துக்கு அலைவதற்குள் கடைசித் தேதி போய்விடுகிறது.

நேர்காணல்: ரயில்வே அப்ரண்டிஸ் சேர்க்கையில் பத்தாம் வகுப்பு, ஐடிஐ மதிப்பெண்களே கணக்கு. தனியார் ஆலைகளில் நேர்காணல்தான் முடிவு செய்கிறது. வெர்னியர் காலிப்பரைக் கையில் கொடுத்தால் அளவைப் பிசகாமல் சொல்லும் பிள்ளை, ஆங்கிலத்தில் தன்னைப் பற்றிச் சொல்லச் சொன்னால் வாயடைத்துப் போகிறான். முந்தின நாள் மாலை செல்பேசியில் அழைத்து, மறுநாள் காலை வரச் சொல்வதும் உண்டு. துணைக்கு ஆள் கிடைக்காத பெண் பிள்ளைகள் அதோடு நின்றுவிடுகிறார்கள்.

ஒப்பந்தம்: 18 வயது நிரம்பாதவருக்காகப் பாதுகாவலர் ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும் என்கிறது சட்டம். தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த பெற்றோர், என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே கையெழுத்திடுகிறார்கள்.

ஆகவே கோருவன:

1. பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு முன்பே பள்ளியிலேயே பெயர்த் திருத்த முகாம் நடத்த வேண்டும்.

2. மொழிச் சிறுபான்மையினர் 15 சதவீதத்துக்குக் குறையாத பகுதிகளில் முக்கிய அறிவிப்புகள் அவர்கள் மொழியிலும் வர வேண்டும் என்ற ஏற்கப்பட்ட பாதுகாப்பு ஏற்பாட்டின்படி, சேர்க்கை அறிவிப்புகளைத் தமிழிலும் ஒட்ட வேண்டும்.

3. நேர்காணலுக்கு ஏழு நாள் முன்னதாக எழுத்தில் அழைப்பு தர வேண்டும். பட்டறைத் தொழில்களுக்குச் செய்முறைத் தேர்வே முதன்மையாக இருக்க வேண்டும். தமிழிலோ தெலுங்கிலோ பதில் சொல்ல அனுமதிக்க வேண்டும்.

4. பிரதமர் தேசிய அப்ரண்டிஸ் மேளாவைக் குப்பம், நகரி, சத்தியவேட்டில் சுழற்சி முறையில் நடத்த வேண்டும்.

5. ஒப்பந்தத்தைப் பெற்றோருக்குத் தமிழில் படித்துக்காட்டி, தமிழ் நகல் ஒன்றும் தர வேண்டும்.

6. எந்த நிறுவனம் எத்தனை பேரைச் சேர்க்க வேண்டும், எத்தனை பேரைச் சேர்த்தது என்ற பட்டியலை ஆண்டுதோறும் மண்டல அலுவலகத்தில் வெளியிட வேண்டும்.

உறுப்பு 350 தரும் உரிமையின்படி இம்மனுவைத் தமிழில் அளிக்கிறோம். தெலுங்கு மொழிபெயர்ப்பை இணைத்துள்ளோம். வரும் ஐடிஐ தேர்வு முடிவுகளுக்கு முன்பாக, நிறுவனங்களையும் திறன் மேம்பாட்டு அலுவலர்களையும் எங்களோடு அமர்த்திக் கூட்டம் நடத்தி, எடுத்த முடிவை எழுத்தில் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர், பொருளாளர்

நகல்: மாநிலத் தொழிற்பழகுநர் ஆலோசகர், மொழிச் சிறுபான்மையினர் ஆணையர்.