எதிர்ப்பு ரகம் என்று எழுதினால் போதுமா?

சோயா மொச்சையைத் தாக்கும் முட்டைக்கூடு நூற்புழு அமெரிக்காவில் முதலில் கண்டறியப்பட்டது 1954இல், வட கரோலினாவில். இன்று அங்கே சோயா விளையும் மாநிலங்களில் இது நுழையாத இடம் அரிது. எதிர்ப்பு ரகங்களுக்கும் பஞ்சமில்லை. அயோவா விவசாயியின் கைக்கு வரும் பட்டியலில் நூற்றுக்கணக்கான பெயர்கள் உண்டு. ஆனால் அவற்றில் மிகப் பெரும்பாலானவை எதிர்ப்புத்திறனைப் பெற்றது பி.ஐ. 88788 என்ற ஒரே மூலத்திலிருந்துதான். ரகத்தை மாற்றியதாக விவசாயி நினைக்கிறார். புழுவுக்கோ அதே சாப்பாடு.

பல பத்தாண்டுகள் இப்படியே ஓடியதில் புழு பழகிக்கொண்டது. எளிதில் தாக்குண்ணும் ரகத்தின் வேரில் உருவாகும் பெண் புழுக்களோடு ஒப்பிட்டால், எதிர்ப்பு மூலத்தில் 10 விழுக்காடு உருவானாலே தற்காப்பு உடைந்ததாகக் கொள்கிறோம். மத்திய மேற்கு மாநிலங்களின் பல வயல்களில் இந்த எல்லை எப்போதோ தாண்டப்பட்டுவிட்டது.

இதில் கொடுமை, பயிர் பச்சைப்பசேலென்று நிற்கும்போதே 30 விழுக்காடு வரை விளைச்சல் போய்விடக்கூடும். மேலிருந்து பார்த்துப் பயனில்லை. விதைத்து ஆறு வாரம் போல் ஆனதும் செடியை மண்வெட்டியால் தோண்டி எடுக்க வேண்டும். பிடுங்கினால் சல்லிவேர்கள் அறுந்து, புழுவும் மண்ணோடு தங்கிவிடும். மண்ணை மெதுவாக உதிர்த்தால், ரைசோபிய முடிச்சுகளைவிட மிகச் சிறியதாக, எலுமிச்சை வடிவில், வெளுப்பும் மஞ்சளுமாகப் பெண் புழுக்கள் தெரியும்.

மக்காச்சோளத்தைச் சுழற்சியில் சேர்த்தால் எண்ணிக்கை குறையும், ஒழியாது. முட்டைக்கூட்டின் பிடிவாதத்தை 1961 முதல் நீலகிரி உருளைக்கிழங்கில் பார்த்துவரும் நம் வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஃப்ளுவோபைராம் போன்ற விதை நேர்த்தி மருந்துகள் இளம் பருவத்துக்குத் துணை நிற்கும். எதிர்ப்பு ரகத்தின் இடத்தை அவை பிடிக்கா.

மாற்று மூலமான பெக்கிங் கையில் இருக்கிறது. அதன் எதிர்ப்பு முழுமையாக வெளிப்பட இரண்டு மரபிடங்கள் சேர்ந்து வர வேண்டும் என்பதால் ரக உருவாக்கம் மெதுவாகவே நடந்தது. அதையும் ஆண்டு தவறாமல் விதைத்தால் பி.ஐ. 88788க்கு நேர்ந்த கதிதான். மூலங்களை மாற்றி மாற்றி விதைப்பதே வழி.

ஆய்வகத்தில் இருப்போர், அறிக்கையில் முட்டை எண்ணிக்கையோடு நிறுத்தாமல், அந்த வயலின் புழு எந்த மூலத்தில் பெருகுகிறது என்பதையும் தெரிவிக்க வேண்டும். களத்தில் இருப்போர், பரிந்துரைச் சீட்டில் ‘எதிர்ப்பு ரகம்’ என்று எழுதும் இடத்தில் அதன் மூலத்தையும் சேர்த்து எழுதுங்கள்.